செத்த செல்லும் ஒளிரும்

திரையில் பச்சைப் புள்ளிகள் மேகம்போல் ஒரு பக்கம் திரண்டிருந்தன. வாய்ப்புற்றுக் கட்டிக்குள் புகுந்தும் வேலை செய்யாமல் தூங்கிக் கிடக்கும் நோயெதிர்ப்பு செல்கள், அவள் கொடுத்த மருந்தால் விழித்துக்கொண்டு சமிக்ஞை அனுப்புகின்றன என்பதற்கு அந்தப் பச்சைச் சாயம்தான் சாட்சி. முனைவர் பட்டம் முடித்து இந்த ஆய்வகத்துக்கு வந்ததிலிருந்து தலைகீழாக நின்றும் கிடைக்காத பச்சை. நாளை மறுநாள் கூட்டத்தில் பேராசிரியர் காட்டப்போகும் படம். காலையில் அதற்குத் தலைப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் தான் விட்டுவிட்ட ஒரு படி அவளுக்கு உறைத்தது.

செத்த செல்லும் ஒளிரும். எந்தச் சாயத்தையும் உறிஞ்சிக்கொண்டு, உயிருள்ளதைவிடப் பளிச்சென்று நிற்கும். அதனால் செத்ததைப் பிரித்துக்காட்ட முதலில் தனியாக ஒரு சாயம் போட்டுக் கழுவ வேண்டும். ஆனால் அறுவை அரங்கிலிருந்து வந்த சதை சுண்டுவிரல் நகமளவுதான். கழுவக் கழுவ செல் குறையும். கஞ்சத்தனம் பிடித்து அந்தப் படியையே விட்டுவிட்டிருந்தாள். இந்தப் பச்சையில் எத்தனை செத்தவை என்று இப்போது சொல்ல வழியில்லை.

பக்கத்து மேசைக்காரனுக்கு ஆய்வகத்தில் 'வக்கீல்' என்று பெயர். எதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அதற்கும் ஒன்று வைத்திருந்தான்.

“யாரு கேக்கப்போறா? படம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு. வாய வச்சுக்கிட்டு சும்மா இரு தாயே.”

“பொணம் ஓட்டுப் போட்டு ஜெயிச்ச மாதிரி இருக்குடா.”

அவன் சிரித்தான். அவள் எழுந்து பேராசிரியர் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அந்த நோயாளியோட செல் இன்னும் இருக்கா?”

“உறைய வச்சது ஒரே ஒரு குழாய் இருக்கு மேடம்.”

“அதையும் உருக்கிப் பாத்து, பச்சை வரலைன்னா? கையில ஒண்ணுமே இருக்காதும்மா. உன் வேலைய நீட்டிக்கவும் நான் இதத்தான் காட்டணும்.”

“வரலைன்னா வரல மேடம். இந்த மருந்த நம்பி நாளைக்கு ஒரு நோயாளி வாயத் தொறப்பாரு.”

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “கூட்டத்துலேருந்து அந்தப் படத்த எடுத்துடறேன். போ, நிதானமாப் பண்ணு” என்றார்.

வெந்நீர்த் தொட்டியருகே வக்கீல் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தான். “சாயத்த நான் கலக்கட்டுமா?”

“வேணாம். இந்தத் தடவ எல்லாம் என் கையாலயே.”

குழாயைத் தண்ணீரில் பிடித்தாள். உள்ளே பனி ஓரங்களில் கரைந்து, நடுவில் அரிசியளவு வெள்ளை மட்டும் மிதந்தது. அதுவும் கரைவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். கண்ணிமைக்காமல், குழாயை மெல்ல ஆட்டிக்கொண்டே நின்றாள்.