ஆளில்லாமல் மடிந்த பெட்டிகள்

என் வலது கட்டைவிரல் ரேகைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சீனாவின் டொங்குவான் நகரில் விடியுமுன்பே குய்லான் பெட்டி மடிக்க உட்கார்ந்துவிடுவாள். வீடியோ கேம் வைக்கும் பெட்டிகள். முன்பு பிளாஸ்டிக், இப்போது பழைய தாளைக் கூழாக்கிய அட்டை. விலை மலிவு, பூமிக்கும் நல்லது. மூலையில் பச்சை இலை அச்சடித்திருக்கும். ஒருத்தி தும்மினால் எதிர்வரிசைக்காரி மடித்ததெல்லாம் பறந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. ஆனால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. மடித்து மடித்துப் பெண்களின் விரல்ரேகையே அழிந்துபோயிற்று. வாசலில் வருகை பதியும் இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால், "ஆள் தெரியவில்லை" என்று தேன்குரலில் சொல்லும். காவலாளி சிரித்துக்கொண்டே உள்ளே விடுவான். பெட்டி மலிவானதும் கூலியும் மலிவாயிற்று.

ஒரு நாள் காலை அட்டை வெட்டும் இயந்திரம் பக்கத்து இருக்கை ஷூஃபென்னின் வலது கையை எடுத்துக்கொண்டது. பச்சை இலைகள் சிவந்தன. குய்லான் தன் தலைத்துணியை அவிழ்த்து இறுகக் கட்டினாள்.

"ஞாயித்துக்கெழம ஊர்லேருந்து பொண்ணு போன்ல வருவாடி," என்றாள் ஷூஃபென். "கைய எங்க ஒளிச்சு வைப்பேன்?"

மறுநாள் குய்லானும் மற்றப் பெண்களும் ஆஸ்பத்திரிச் செலவு கேட்டுப் போனார்கள். முதலாளி நியே தேநீரை ஊதிக் குடித்தார்.

"அவ நேத்து வேலைக்கே வரலியேம்மா. மெஷின்ல பதிவில்ல."

"அவ கை உங்க மெஷினுக்குள்ளதான கெடந்துது, முதலாளி?"

"கை வந்திருக்கலாம். ஆள் வரல."



ஞாயிறு விடியலில் ஒவ்வொருத்தியாக விரல் வைத்தார்கள். ஆள் தெரியவில்லை. ஆள் தெரியவில்லை. காவலாளி கதவைத் திறந்தான். ஒருத்தியும் நுழையாமல் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

நியே ஓடிவந்தார். "லாரி நிக்குது! உள்ள போங்க!"

"யாரு போறது? நாங்கதான் வரவே இல்லியே," என்றாள் குய்லான்.

"பெட்டியெல்லாம் அந்தப் பச்ச எலயே மடிச்சிருக்கும்," என்றது பின்வரிசை.

"புது ஆள எறக்குவேன்!"

"எறக்குங்க. அவங்க வெரலும் தேயும். ஷூஃபென் வந்தான்னு எழுதுங்க முதலாளி, அப்ப நாங்களும் வந்திருப்போம்."

அவர் எழுதவில்லை. அவர்கள் எழவில்லை.

குய்லானிடம் இருந்த ஷூஃபென்னின் கைபேசி ஒலித்தது. திரையில் சிறுமி. "அம்மா எங்க, சித்தி?"

குய்லான் கைபேசியை அப்படியே வாசல் பக்கம் திருப்பிக் காட்டினாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வலது கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

"இத்தன பேரா?" என்றாள் சிறுமி.

லாரி காலியாகவே நின்றது.

நான் ஆணையிட்ட கட்டைவிரலில் ரேகை கிடையாது.