தையல்நாயகிக்குப் பிடிக்காதவர்

1984 ஐப்பசியில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விலை இறங்கியிருந்த வாரத்தில், திண்டிவனத்தில் தையல்நாயகி ஸ்பானிஷ் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த நேரத்தில் விழுப்புரத்தில் அவளுடைய அக்கா புருஷன் அப்பாதுரை இல்லாமல் போனார். ஓடிப்போகவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று பெண்டாட்டி வீரம்மாளை அடிக்கக் கை ஓங்கியவர், ஓங்கிய கையோடு மறைந்தார். பிசைந்த சோறு தட்டில் இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது.

தையல்நாயகி கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைத் தங்கள் நாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக முடிவாகி, சிஸ்டர் பிலார் பாஷை சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் பிடிக்கும், பிடிக்காது. இங்கிலீஷில் 'நான்' முன்னால் நின்று விரும்ப வேண்டும். ஸ்பானிஷில் தமிழைப் போலவே பொருள்தான் வந்து 'எனக்கு'ப் பிடிக்க வேண்டும் என்றார் சிஸ்டர். பொருள்கள் அதை நிஜமாகவே செய்யத் தொடங்கின. பலாப்பழத்தைச் சொல்லி 'மே குஸ்தா', பிடிக்கும் என்றாள், வீட்டு வேப்பமரத்தில் பலாப்பழம் தொங்கியது. அம்மா கிளியம்மாள் அறுத்துத் தெருவுக்கே கொடுத்தாள். பாகற்காயைச் சொல்லி 'நோ மே குஸ்தா' என்றாள், திண்டிவனம் கடைகளில் பாகற்காய் தீர்ந்துபோனது. அதுவரை எல்லோருக்கும் வேடிக்கைதான்.

அடுத்த பாடம் உறவுமுறை. வீங்கிய கன்னத்தோடு வந்திருந்த அக்காவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய தையல்நாயகி, அன்று ராத்திரி அம்மா, அக்கா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, அக்கா புருஷனைக் குறிக்கும் சொல்லில் வந்து நின்றாள். 'நோ மே குஸ்தா மி குன்யாதோ.' எனக்கு என் மாமாவைப் பிடிக்காது. பயிற்சிக்குச் சொன்னாளா, மனதறிந்து சொன்னாளா என்பது பிறகு அவளுக்கே தெரியவில்லை.

மாமியார்க்காரி, தன் மகனை வீரம்மாள்தான் கொன்று புதைத்துவிட்டாள் என்று புகார் கொடுத்தாள். போலீஸ் வந்து கொல்லையைத் தோண்டியது. வீரம்மாள் திண்டிவனத்துக்கு ஓடி வந்தாள்.

"நீதான் இன்னாவோ சொல்லிட்ட. திருப்பிக் கூப்புடுடி."

"அவரு இல்லாம இருந்தா உனக்கு நிம்மதிதானேக்கா?"

"இருந்தாலும் பயம், இல்லாட்டியும் பயம். நாளைக்கு என்னைக் கூட்டிக்கினு பூட்டாங்கன்னா கொழந்தைங்களை யாரு பாத்துக்குவா?"

தையல்நாயகி 'மே குஸ்தா மி குன்யாதோ' என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பொய்யை அந்த மொழி ஏற்கவில்லை. அதன் பிறகு அவளுக்குத் தன் வாயே பயமாகிவிட்டது. யார் மீதாவது எரிச்சல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஊசி வலித்தாலும் சிரித்தார்கள். தெருவில் அவள் வந்தால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருநாள் கிளியம்மாள் பெற்ற மகளையே, "வாங்கம்மா, சாப்புடுங்க" என்று கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் தையல்நாயகி அழுதாள்.

சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பிடிக்க வேண்டாம், அக்கறை வந்தால் போதும், அதற்கு வேறு சொல் இருக்கிறது என்றார். 'மே இன்டெரேசா.'

"மாமாவைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாச்சும் சொல்லுக்கா" என்று கேட்டாள் தையல்நாயகி.

வீரம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சொன்னாள்: "இடி இடிச்சா பயப்படுவாரு. என் முந்தானையைப் புடிச்சிக்கினு கண்ணை மூடிக்குவாரு. வெளியில சொல்லக்கூடாதுன்னு கொழந்தைங்க தலைமேல சத்தியம் வாங்கினாரு."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கிற கையும் முந்தானையைப் பிடிக்கிற கையும் ஒன்றுதான் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அந்த ஆள் எதற்குத்தான் இவ்வளவு பயப்படுகிறான் என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசை வந்தது. மெதுவாகச் சொன்னாள்: "மே இன்டெரேசா."

அக்காவும் தங்கையும் அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போனபோது அப்பாதுரை தோண்டிய குழிக்குப் பக்கத்தில், ஓங்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றிருந்தார். எங்கே இருந்தார் என்று கேட்டதற்கு, "யாருக்கும் நான் வேணாத எடத்துல" என்றார். வீரம்மாள்தான் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். போலீஸ் குழியை மூடிவிட்டுப் போனது.

1986இல் தையல்நாயகி சிஸ்டரின் நாட்டுக்கு விமானம் ஏறினாள். புறப்படும் முன் வீரம்மாள், "அந்தப் பிடிக்காதுங்கறதை மட்டும் எனக்குச் சொல்லிக்குடு" என்று கேட்டு, நாக்கு சரியாகப் புரளும் வரை சொல்லிக் கற்றுக்கொண்டாள். அப்பாதுரை அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு இன்றுவரை வீரம்மாள் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை.