டிபி பாக்ஸ் மூடியின் உள்பக்கம்

தினமும் காலை பத்தரை மணிக்கு லைன் செத்துப்போகும். பதினொன்றரைக்கு மேல் உயிர் வரும். அரசாங்கப் பம்ப் பாக்டரியின் கம்ப்யூட்டர் அறையையும் மாரெட்பள்ளியில் இருந்த கொள்முதல் ஆபீசையும் இணைத்த டெலிபோன் லைன் அது. எண்பத்தேழாம் வருஷத்தில் கம்பெனிக்கே அது பெருமை. டில்லியிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பத்தரைக்கு மட்டும் காட்டமாட்டார்கள்.

மோடத்தை மாற்றினார்கள். டெலிபோன் இலாகாவுக்கு நாலு கடிதம் போட்டார்கள். கடைசியில்தான் கேபிள் கலாசி சூசைராஜைக் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாகக் குழி தோண்டி, கேபிள் இழுத்து, மூட்டுப் போடுகிற தினக்கூலி ஆள். அவன் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. லைன் போன வழியே நடந்தான். மூன்றாம் நாள் பத்தரைக்கு, தோட்டக்காரன் கேட்டருகே புல்லுக்கு ஹோஸ் பிடிப்பதைப் பார்த்தான். அங்கே மண்ணுக்கடியில் ஒரு பழைய மூட்டு இருந்தது. தண்ணீர் இறங்கினால் லைன் இரையும், காய்ந்தால் அடங்கும். அவ்வளவுதான்.

மூட்டைப் புதிதாகப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறை வராந்தாவில் இருந்த டிபி பாக்ஸைத் திறந்தான். வெளிக்கம்பிகளெல்லாம் வந்து சேரும் இரும்புப் பெட்டி அது. மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"பா... மா... பாமா எழுபத்துநாலு."

உதடு அசையாமல் அவனுக்குப் படிக்க வராது. நாற்பத்தோரு வயதில் லாலாகுடா வீட்டில் வந்த எழுத்து. ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த மனைவி எலிசபெத், டியூட்டி முடிந்து வந்து, பைபிளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது.

பாமா, கம்ப்யூட்டர் ஆபீசர் ரகுநாதனின் மகள். செக்யூரிட்டி சர்க்குலர் இரண்டு கட்டளை போட்டிருந்தது: பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்று, எங்கேயும் எழுதி வைக்காதே. முதல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததால் இரண்டாவதற்குக் கீழ்ப்படிய ரகுநாதனால் முடியவில்லை. மறந்து மறந்து போயிற்று. ஆகவே தமிழில் எழுதி ஒட்டினார். தெலுங்கும் உருதுவும் புழங்கும் அந்தக் கட்டடத்தில் தமிழெழுத்து ஒரு பூட்டு மாதிரி. தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் சூசை ஒருவன்தான். அவன் கைநாட்டு.

"சார், பொட்டி மூடியில பாப்பா பேரு எழுதிருக்குது. கிழிச்சிடுங்க சார்."

ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "நீ படிப்பியா?"

"ஒரு வருசமாத்தான் சார்."

"பலே, பண்டிதராயிட்டே. யாரு அதைப் பாக்கப்போறா, விடு."

அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் லிஸ்டில் சூசையின் பெயர் இருந்தது. அந்த ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்காக ஆறு மாதமாகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பழகிக்கொண்டிருந்தான். 'சூ'வின் வால் மட்டும் இன்னும் சண்டித்தனம் பண்ணியது.

பத்து நாள் கழித்து டெண்டர் விலைப்பட்டியல் வெளியே போய்விட்டது. மாரெட்பள்ளி டெர்மினலில், சனிக்கிழமை பகலில், ரகுநாதனின் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ அச்சடித்திருந்தார்கள். அன்றைக்கு அந்த ஆபீசின் கேட் ரிஜிஸ்தரில் வெளியாள் ஒரே ஒருவர்: சூசைராஜ், இடது பெருவிரல். மோடம் வயர் மாற்றப் போயிருந்தான். செக்யூரிட்டி ஆபீசர் நரசிங் ராவ் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து அந்தச் சீட்டையும் உரித்தெடுத்துவிட்டார்.

ரகுநாதன் சூசையைக் கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"நாளைக்கு ராவ் கேப்பான். எழுத்து தெரியாதுன்னு சொல்லிடு."

"தெரியுமே சார்."

"அதுக்குத்தாண்டா சொல்றேன். உனக்குத் தெரியலேன்னா அந்தச் சீட்டை யாரும் படிக்கலே. என் மேலயும் தப்பில்லே, உன் மேலயும் இல்லே. தெரியும்னா எனக்கு ஒரு மெமோ. உனக்கு கேட்டுக்கு வெளியே."

"நான்தான சார் கிழிக்கச் சொன்னேன்?"

"சாட்சி யாரு?"

வீட்டில் எலிசபெத் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியாதுன்றதா? அப்ப நான் ஒரு வருசமா தொண்டை காயக் கத்துனது இன்னாத்துக்கு?" முறத்தை மறுபடி எடுத்து அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "இந்த வயசுல உன்ன எவன் குழி தோண்டக் கூப்புடுவான். சொல்லிட்டு வா," என்றாள்.

நரசிங் ராவ் சீட்டை அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். "க்யா சூசை, படனா ஆத்தா?" படிக்க வருமா என்று கேட்டார்.

வந்த எழுத்தை வராமல் பண்ண முடிவதில்லை. பா, மா என்று அதுவாகவே கண்ணுக்குள் நுழைந்தது. சூசை கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டான்.

"நை சாப்."

"கைக்கு நை சீகா?" ஏன் கற்கவில்லை என்றார்.

"கோயி சிகாயா நை, சாப்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்லும்படி ரகுநாதன்கூடக் கேட்டிருக்கவில்லை.

இங்கிலீஷில் டைப் அடித்த வாக்குமூலத்தின் கீழே பெருவிரலை வைத்தான். பட்டியலை எடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நனைந்த மூட்டின் வழியாகத் தகவல் கசிந்திருக்கலாம் என்று ரிப்போர்ட் எழுதி ஃபைலை மூடினார்கள். மூட்டு அதற்கு முன்பே சரியாகிவிட்டதா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

நிரந்தர ஆர்டர் வந்தது. சூசை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். குமாஸ்தா யாதகிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு உருதுவில் வேண்டாமென்றான்.

"நக்கோ சூசை. ஃபைல்ல உனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து போட்டா கேஸ் திரும்பத் தெறக்கும்." மைத்தட்டை அவன் பக்கம் தள்ளினான்.

அடுத்த மாதம் லைன் சோதிக்க டிபி பாக்ஸைத் திறந்தான். அதே இடத்தில் புதுச் சீட்டு, அதே தமிழெழுத்து. இந்த ஆபீசில் இதைப் படிக்க ஆளில்லை என்பதற்கு இப்போது கம்பெனி முத்திரையோடு காகிதமே இருந்தது. க... ன... என்று உதடு தொடங்கியது. பின்னால் ரகுநாதனின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"லைன் எப்படிடா இருக்கு சூசை?"

உதட்டை மூடிக்கொண்டான். பெட்டியையும் மூடினான்.

"நல்லாருக்குது சார்."