காதில் ஒன்றும் இருக்கக்கூடாது

நிலூஷாவுக்கு வரலாறு தலைகீழ்ப் பாடம். வாயால் கேளுங்கள், மளமளவென்று சொல்வாள். கேள்வித்தாளை நீட்டினால் மட்டும், எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடுகிறது என்பாள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் சோம்பல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய லெப்டொப் ஒன்றில், கேள்வியை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். ஹெட்போனை மாட்டி, வேகத்தை நன்றாகக் குறைத்துக் கேட்பாள். குறைப்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது, அவ்வளவு வெட்கம்.

"இந்தத் தவணையும் ஃபெயிலானா நா ஸ்கூலுக்கே வர மாட்டேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பிள்ளை.

பரீட்சையன்று மேற்பார்வைக்கு வந்தவர் சுந்தரலிங்கம் சேர். லெப்டொப்புக்குப் பள்ளி அதிபரின் அனுமதி இருந்தது. ஹெட்போனைக் கண்டதும் சேர் கையை நீட்டிவிட்டார்.

"காதுக்குள்ள ஒண்டும் இருக்கக்கூடாது. சட்டம் எண்டால் சட்டம்தான்."

"அப்ப எல்லாருக்கும் கேக்குமே சேர்!" என்றேன்.

"கேக்கட்டும். அது விடை சொல்லேல்லை எண்டு எனக்கும் தெரியவேணும்."

வாதாடிப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம். நிலூஷா பையைத் தூக்கிவிட்டாள். கையைப் பிடித்து, "ரெண்டே கேள்வி. அப்புறம் போ" என்றேன்.

தலையைக் குனிந்தபடி பொத்தானை அழுத்தினாள். வேகத்தைக் குறைக்கவில்லை. குரல் முதலாம் கேள்வியைப் படபடவென்று வாசித்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. எப்படியோ ஒரு விடைக்குக் கீழே கோடு போட்டாள். இரண்டாம் கேள்வியும் ஓடி முடிந்தது. பேனா அசையவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சிரிப்பும் நின்றிருந்தது.

பின் வரிசை வாங்கிலிருந்து அஸ்ஃபர் எழுந்தான். முதலில் சிரித்தவனே அவன்தான். வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்க ஓடுகிறவனும் அவன்தான்.

"சேர், அத இன்னொருக்கா போடச் சொல்லுங்க. வேகமாப் போகுது."

ஜன்னலோரம் இன்னொரு கை எழுந்தது. நடு வரிசையில் இரண்டு. சேர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்து நின்றார்.

"திருப்பிப் போடும் பிள்ளை" என்றார்.

நிலூஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"மெதுவாப் போடுறேன் அஸ்ஃபர்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கும் மெதுவாத்தான் வேணும்."