கண்ணாடிக்குத் தோள் கொடுத்தவர்

கண்மாய்ப் பக்கம் திரும்பிய சவப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள் ஜெயக்கொடி.

“அங்கிட்டு வேணாம். மேலத்தெரு வழியாப் போவோம்.”

பெட்டி தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சித்தப்பா ஜான்ராஜ் பதறிக்கொண்டு வந்தார். “வேணாந்தாயி. நம்ம சாவு அந்தத் தெருவுல போனதே இல்ல. வெட்டுக்குத்தாயிரும்.”

“கண்மாய்க்கரையில முழங்கால் சகதி. போன ஐப்பசியில அம்மாவ அதுக்குள்ளதான போட்டு எடுத்தீக? எங்கய்யாவையும் போடணுமா?”

ஜெயக்கொடி மேலத்தெருவுக்குள் நடந்தாள். கொஞ்சம் பொறுத்துப் பெட்டியும் அவள் பின்னால் வந்தது.

பாதித் தெருவில் பொன்னுச்சாமி கம்போடு மறித்தான். “சுதந்திரம் வந்துட்டா எங்க தெருவ உங்களுக்கு எழுதியா குடுத்தாக?”

ஜெயக்கொடி அவனுக்குப் பின்னால் பார்த்தாள். வாசலில் அவன் அப்பா சங்கையா நின்றிருந்தார்.

திருச்சுழிச் சீமையில் மழை பொய்த்த ஒரு காலத்தில், அவள் அய்யா வேதமுத்துவும் இந்தச் சங்கையாவும் பிழைப்புத் தேடிக் கோடைக்கானல் போனார்கள். சூரியனை ஆராய அங்கே கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு ரோடு கிடையாது. தொலைநோக்கிக் கண்ணாடி ஆள் தோளில்தான் ஏறியது. ஒரு வளைவில் சங்கையா சறுக்கிப் பள்ளத்தில் தொங்க, தோளிலிருந்த சுமையை விடாமலே ஒற்றைக் கையால் அவரை இழுத்துப் போட்டவர் வேதமுத்து. ஊர் திரும்பியபின் இருவரும் சேர்ந்து ஒரு தெருவில் நடந்ததில்லை.

“அய்யா,” என்று சங்கையாவைக் கூப்பிட்டாள் ஜெயக்கொடி. “அன்னைக்கு மலையில எங்கய்யா கையப் பிடிக்கையில, தீட்டுன்னு விலகுனீகளா?”

சங்கையா படியிறங்கினார். மகனைத் தாண்டி வந்து, முன்னால் சுமந்தவனை நகரச் சொல்லிப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

“அப்பா! என்ன காரியம் பண்றீக?”

“அவன் கைய விட்டிருந்தா நீ பெறந்திருக்கவே மாட்ட. கம்பக் கீழ போடுலே.”

பொன்னுச்சாமி சுவரோரம் ஒதுங்கினான். சாவுக்கு எப்போதும் முணுமுணுப்பாகவே பாடும் ஜான்ராஜ், உயிர்த்தெழுதல் பாட்டைத் தொண்டை கிழிய எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தத் தெரு வீடுகளுக்கு வேலைக்கு வந்தாலும் ஜெயக்கொடி இதுவரை புழக்கடைப் பக்கம்தான் வந்திருக்கிறாள். ஒரு கூரைமேல் பூசணிக்கொடி ஏறி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல் நடந்தாள்.