சேறு படாத ஷூ

மருத்துவர் நடக்கச் சொன்னதிலிருந்து கணவர் தினமும் காலையில் வனக் காப்பகத்துக்குப் போய்வருகிறார். மேடு பள்ளம் இல்லாத சுலபமான பாதைதான். ஆனால் இரவெல்லாம் மழை கொட்டியிருந்த அன்றும் அவர் ஷூவில் துளிச் சேறு இல்லை. மனைவிக்கு எங்கேயோ இடித்தது.

“ஏங்க, காட்டுல நடந்த ஷூ இப்படியா பளபளன்னு இருக்கும்?”

“புல்லு மேலயே நடந்தேன்டி.”

கேட்டு வாய் மூடுவதற்குள் வந்த பதில். மறுநாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். நுழைவாயிலை ஒட்டிய முதல் பெஞ்சிலேயே மனிதர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இதற்கா இத்தனை வேஷம்! ஒளிந்து நின்ற மரத்தடிச் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வீடு திரும்பினாள்.

“அப்பாடா, இன்னிக்கு ரெண்டு சுத்து!” என்று வந்தவரின் கண் அவள் செருப்பில் விழுந்தது. “இவ்வளவு சேறா? எங்கடி போயிட்டு வந்த?”

“கடைக்கு.”

“கடைக்கா?” அவர் குனிந்து அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் அவளே முதலில் கிளம்பினாள். அவர் மரத்துக்கு மரம் பதுங்கிப் பின்தொடர்வது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அந்தப் பெஞ்சைத் தாண்டி அவள் எட்டி நடைபோட்டாள். மருத்துவர் சொன்ன நடை அன்றைக்குத்தான் தொடங்கியது.