அளவு ரவிக்கை

ஞாயிற்றுக்கிழமை றொசல்லவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அண்ணன் வீரய்யா சொன்னதிலிருந்து அம்மாக்கண்ணுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். வாசலுக்குப் போவாள். போன வேகத்தில் திரும்பி வந்து, சும்மா எரிகிற அடுப்பைக் கிளறுவாள்.

மாப்பிள்ளை செல்லசாமியைப் பிடிக்காமல் இல்லை. பிடித்துத் தொலைத்ததுதான் வினை. இரண்டு வருடத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் அவள் தலையிலிருந்த தீர்த்தக் குடத்தை அவன்தான் இறக்கி வைத்தான். அப்போது பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது அந்தக் காலத்து அம்மாக்கண்ணு. இப்போது வந்து பார்த்தால் தலைதெறிக்க ஓடிவிடுவான். அவன் வாயால் வேண்டாம் என்று கேட்பதைவிட, தானே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அப்படி என்னதான் ஆகிவிட்டது அவளுக்கு? ஒரு மண்ணும் ஆகவில்லை. இருபது வயது. கொழுந்துக் கூடையோடு தேயிலை மலையேறினாலும் மூச்சு வாங்காத உடம்பு. போன வருடம் ஒரு நாள் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி, "பாதைய அடைச்சிக்கிட்டு நிக்காத புள்ள, நகரு!" என்று கத்தினார். அந்த மனுசன் விடிந்தால் எல்லாரையும் அப்படித்தான் விரட்டுவார். மற்ற பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவள் மட்டும் அதைத் தூக்கி மண்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அன்று பிடித்தது சனியன். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பிரா அறையில் இருக்கிற கண்ணாடியோ உள்ளங்கை அளவு. அதில் மூக்கைப் பார்த்தால் காது தெரியாது. தன் முழு உருவத்தைப் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததில்லை. கண் காணாததை மண்டை தன்பாட்டுக்குப் பெருக்கி வரைந்துகொண்டது, அதுவும் கஞ்சத்தனமே இல்லாமல். பாதி ரொட்டியை மதினி ராக்காயியின் தட்டில் தள்ளிவிடுவாள். ஒரு நாள் மலையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா நாடி பார்த்துவிட்டு, "ஒடம்பு கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கு. தின்னாமக் கெடுத்துக்காத" என்றார். அதில் கல் மட்டும் இவளுக்குக் கேட்டது.

பெண் பார்க்கும் நாளைக்குப் புது ரவிக்கை தைக்கவேண்டும். அட்டன் டவுனில் இருந்த தையல்காரர் பெண்களை நாடா வைத்து அளக்கமாட்டார். பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தால் அந்த அளவுக்குத் தைத்துத் தருவார். அம்மாக்கண்ணு தன் ரவிக்கையை எடுத்தாள், விரித்துப் பார்த்தாள், மடித்து வைத்துவிட்டாள். துவைத்துத் துவைத்து இழுபட்டதால்தான் இது தனக்குக் கொள்கிறது, புதுத் துணியை இந்த அளவில் தைத்தால் தெறித்துப் போகும் என்று அவளுக்குப் பட்டது. மூன்று பிள்ளை பெற்று நன்றாகப் பருத்திருந்த ராக்காயியின் ரவிக்கையைக் கொடியிலிருந்து உருவி, யாருடையது என்று சொல்லாமல் தையல்காரருக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிறு காலையில் புது ரவிக்கையைப் போட்டாள். அது ஒரு தோளில் நின்றால் மறு தோளில் வழுக்கியது.

"தையக்காரன் கெடுத்துட்டான் மதினி!"

ராக்காயி துணியைப் பிடித்துப் பார்த்தாள். "அடிப்பாவி, இது என் அளவாச்சே!" சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகுதான் அவள் முகத்தைக் கவனித்தாள். சிரிப்பு நின்றது. "ஏண்டி, நீ என்னைய மாதிரி இருக்கேன்னா நெனச்ச?"

"அதுக்கும் மேல மதினி."

ராக்காயி அவளைக் கைப்பிடித்து நேராக நிறுத்தினாள். பிறகு, "கண்ண மூடு. ஒன் இடுப்பு எம்புட்டு அகலம், ரெண்டு கையால காட்டு" என்றாள்.

அம்மாக்கண்ணு காட்டினாள்.

"கைய அசைக்காத." மூலையில் கிடந்த கொழுந்துக் கூடையைத் தூக்கி அந்தக் கைகளுக்கு நடுவே வைத்தாள் ராக்காயி. இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. "இப்பத் தொற."

அம்மாக்கண்ணு கூடையைப் பார்த்தாள். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். மறுபடி கூடையைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"கண்ணுக்குத் தெரியுது மதினி. உள்ளதான் தெரிய மாட்டேங்குது. நான் வேணாம்னே சொல்லிர்றேன்."

ராக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணாம்னா சொல்லிக்க. ஆனா அவரு வந்து பாக்கட்டும். ஒன் மண்டைக்குள்ள இருக்கிறவளப் பாக்கவா அவரு ரயிலேறி வாராரு?" என்று வெடுக்கென்று சொல்லி, பழைய ரவிக்கையை எடுத்து அவள் மடியில் எறிந்தாள்.

வந்துவிட்டார்கள். தட்டில் தேத்தண்ணியோடு அம்மாக்கண்ணு வெளியே வந்தாள். செல்லசாமி பாயில் உட்கார்ந்திருந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"அந்தக் கோட்டக் கழட்டித் தொலையேன்டா" என்றாள் அவன் அம்மா காளியாயி. பிறகு எல்லாருக்கும் பொதுவாக, "உள்ள இன்னும் மூணு சட்டை போட்டிருக்கான் தாயி. ஒல்லிப்பீச்சானாத் தெரிவேனாம், பொண்ணு வேணாம்னு சொல்லிருமாம். சொன்னாக் கேட்டாத்தான!" என்றாள்.

செல்லசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அம்மாக்கண்ணு அவனை உற்றுப் பார்த்தாள். தண்ணீர் ததும்பத் ததும்பக் குடத்தை அலுங்காமல் இறக்கிய கை. அன்று கோட்டில்லாமலே நல்ல வாட்டசாட்டமான ஆள். எங்கே தேடியும் ஒரு ஒல்லி ஆள் அவளுக்கு அகப்படவில்லை. 'இந்த மனுசனுக்கு என்ன பைத்தியமா?' என்று நினைத்தாள். நினைத்த நினைப்பு அவளையே சுரீரென்று சுட்டது.

"பொண்ணு என்ன சொல்லுது?" என்று காளியாயி கேட்டாள். வீரய்யா தொண்டையைச் செருமினான்.

அம்மாக்கண்ணுவின் உடம்பு அவளுக்கு இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. எல்லார் கண்ணும் அதன்மேல்தான் என்று அவளுக்குப் பட்டது. அதோடுதான் அவள் வாய் திறந்தாள்.

"எனக்குச் சம்மதந்தாங்க" என்றாள், அண்ணன் முந்துவதற்குள். பிறகு தட்டைச் செல்லசாமி முன்னால் நீட்டினாள். "கோட்டக் கழட்டிட்டுக் குடிங்க. வேர்க்குது."